சுக்கான் ஆடுகிறதா? முதலில் விரலை வையுங்கள்

பாய்மரப் படகில் சுக்கான் ஆடுகிறது என்றதும் ஸ்பேனரை எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கண்ணில் படும் நட்டையெல்லாம் முறுக்கிவிட்டுப் படகை இறக்குகிறார்கள். கொஞ்ச நாளில் ஆட்டம் திரும்ப வந்துவிடுகிறது. எந்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் முறுக்காதீர்கள். பல வருடங்களாக லேசர் படகுகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

சென்னைத் துறைமுகத்தில் நான் ஓட்டுவது லேசர். 4.23 மீட்டர் நீளம், ஒருவர் ஓட்டும் ஃபைபர் படகு. இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறியிருக்கிறது. நம் ஊர் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைப் படகுதான். இதன் சுக்கான் பின்பலகைக்கு வெளியே, கதவு கீலில் தொங்குவதைப் போலத் தொங்கும். பலகையில் ‘கட்ஜன்’ எனும் இரண்டு வளையங்கள் இருக்கும். சுக்கான் தலையில் உள்ள ‘பிண்டில்’ எனும் இரண்டு ஊசிகள் அவற்றுக்குள் இறங்கும்.

படகைத் தள்ளுவண்டியில் வைத்தே சோதிக்கலாம். ஒருவர் பிளேடின் (நீருக்குள் இறங்கும் சுக்கான் பலகையின்) அடிமுனையைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். பாதி விரல் ஒரு பாகத்திலும் மறுபாதி அடுத்த பாகத்திலும் படவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலில் தட்டும். டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) செருகும் இடம், பிளேடு திரும்பும் போல்ட், ஊசியும் வளையமும், வளையம் பின்பலகையோடு சேரும் இடம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டால் குற்றவாளி மூட்டு அகப்பட்டுவிடும்.

டில்லரில் ஆட்டம் என்றால் சின்ன வேலை. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கத்தரித்து இடைவெளியில் செருகினால் போதும்.

பிளேடு போல்ட்டில் அவசரம் கூடாது. பிளேடுக்கும் சுக்கான் தலையின் அலுமினியக் கன்னங்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் இருபுறமும் பிளாஸ்டிக் வாஷர் போட்டு அதை நிரப்புங்கள். நட்டை முறுக்கியே இடைவெளியை மூடப் பார்த்தால் கன்னம் வளையும், பிளேடு இறங்க மறுக்கும். கையால் அழுத்தினால் இறங்கவேண்டும், தானாக விழக்கூடாது. அதுதான் அளவு. பிளேடில் உள்ள துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் எந்த முறுக்கும் உதவாது. எபாக்ஸியால் அடைத்துப் புதிதாகத் துளையிடவேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். கழற்றும்போதெல்லாம் துடைத்து லானோலின் கிரீஸ் தடவி வையுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வளையங்களைப் பிடித்திருக்கும் பின்பலகை ஸ்க்ரூக்களைப் பற்றித்தான். ஃபைபர் பலகைக்குப் பின்னால் ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஒரு மரக்கட்டை இருக்கும். ஸ்க்ரூ தளர்ந்தால் அந்தத் துளை வழியாக நீர் கசிந்து கட்டையை நனைக்கும். கழற்றிய ஸ்க்ரூவின் மரைகளைப் பாருங்கள். ஈரமான, கருத்த மரத்தூள் ஒட்டியிருந்தால் கட்டை உளுக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே இன்னும் பருமனான ஸ்க்ரூவைப் போடுவதுதான் பலருக்கும் தெரிந்த வைத்தியம். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உளுத்த மரத்தில் பெரிய ஸ்க்ரூ பெரிய ஓட்டையைத்தான் தரும். சிலிக்கானைப் பிதுக்கி அடைப்பதும் வேண்டாம். அதன் பிசுக்கு ஒட்டிய இடத்தில் பிறகு எபாக்ஸி பிடிக்காது.

மரம் கெட்டியாக இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, நன்றாக உலரவிட்டு, முதலில் நீர்த்த எபாக்ஸியை மரத்துக்குக் குடிக்கக் கொடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் அடையுங்கள். ஒரு நாள் முழுக்க இறுகட்டும், அதன்பின் சரியான அளவில் துளையிடுங்கள். இரண்டு வளையங்களையும் முழுதாக முறுக்கும் முன் சுக்கானை மாட்டி இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஊசி இறுகி, புதிய துளைகளும் சீக்கிரம் தளரும். கட்டை முழுக்க உளுத்திருந்தால் மேல்தளத்தில் ஆய்வுத் துளை வெட்டி உள்ளே புதுக்கட்டை ஒட்டவேண்டும். அதை ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

டில்லர் கனமாக இழுத்தால் அதையும் தளர்ச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிளேடு முழுதாக இறங்காததுதான் காரணம். கீழிழுக்கும் கயிறு கொஞ்சம் நழுவி பிளேடு பின்னால் சாய்ந்தாலே டில்லரில் பாரம் ஏறிவிடும். வேகத்தில் சுக்கான் ரீங்காரமிட்டால் பிளேடின் பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே உடைந்தோ மழுங்கியோ இருக்கலாம்.

கடைசியாக, மேல் வளையத்துக்கு அருகே இருக்கும் எஃகு கிளிப். படகு கவிழும்போது சுக்கான் ஊசியோடு கழன்று போகாமல் பிடித்திருப்பது அதுதான். சுக்கானை மாட்டியபின் மேல்நோக்கி ஒரு முறை பலமாக இழுங்கள். கிளிப் விட்டுக்கொடுத்தால் அன்றைக்குப் படகு கரையிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் ஒவ்வொரு படகையும் இப்படி இழுத்துப் பார்த்த பிறகே இறக்க விடவேண்டும்.