நெல் வாங்குவோர் கூடிப் பேசி விலை வைத்தால்

பெரும்போக வேளாண்மை வெட்டும் நாட்களில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்கு நெல் வாங்க வருபவர்கள் பலர். சில வேளைகளில் அவர்கள் எல்லோரும் சொல்லும் விலை ஒன்றாகவே இருக்கும். அதை உடனே குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லோருடைய நெல்லும் ஒரே கிழமையில் வந்து குவிந்தால் விலை தானாகவே இறங்கும். ஆனால் வாங்குவோர் தமக்குள் பேசி, “இதற்கு மேல் ஒருவரும் கொடுப்பதில்லை” என்று முடிவு செய்திருந்தால் கதை வேறு. அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே இம்முறைப் பாடம்.

1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், ஒரு பொருளின் வியாபாரம் தனியொருவர் கைக்குள் போவதையும், கம்பனிகள் ஒன்றோடொன்று இணைவதையும், போட்டியைக் கெடுக்கும் நடத்தையையும் விசாரிக்க இடமளித்தது. 2003இல் அது நீக்கப்பட்டு, 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அதில் கடைசியாகச் சொன்னது மட்டுமே எஞ்சியது. ஓர் ஆலைக்காரர் அயலிலுள்ள ஆலைகளையெல்லாம் வாங்கிச் சேர்த்தாலும் இச்சட்டத்தின் கீழ் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சோறு உண்ணும் நாட்டுக்கு இது பெரிய ஓட்டை என்றே சொல்ல வேண்டும்.

உரம், களைநாசினி வாங்கும்போது நீங்கள் நுகர்வோர். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் பணம் எடுத்தாலோ, கேட்டும் பற்றுச்சீட்டுத் தராவிட்டாலோ, வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். நெல் விற்கும்போது நீங்கள் நுகர்வோர் அல்ல. “அப்படியென்றால் எங்களுக்கு இந்தச் சட்டத்தால் என்ன பயன்?” என்று கேட்பீர்கள். 35ஆம் பிரிவைப் பாருங்கள். பொருளை விற்பதில் மட்டுமன்றி, பொருளைப் பெற்றுக்கொள்வதில் போட்டியைத் தடுப்பதும் அதற்குள் அடங்கும். 34ஆம் பிரிவின்படி எவரும் முறையிடலாம். அதிகாரசபை விசாரித்து, விடயத்தை நுகர்வோர் அலுவல்கள் பேரவையின் முன் வைக்கும்.

இனி விலைக்கு வருவோம். 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோவுக்கு 230 ரூபா உச்ச சில்லறை விலையாக அறிவிக்கப்பட்டது. அப்படி அறிவித்த விலையை மீறி விற்பது குற்றம். 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தம் அதற்கான தண்டப்பணத்தை ஒரு இலட்சத்திலிருந்து தொடங்க வைத்தது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா என்று அறிவிக்கப்பட்டதோ நெல் சந்தைப்படுத்தும் சபை தான் கொடுக்கும் விலை. தனியார் அதற்குக் குறைத்து வாங்கியது இதைப் போன்ற குற்றமல்ல. சபைக்குக் கொடுக்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. இடம்பெயர்ந்து பிறர் வளவில் இருக்கும் குடும்பம் நெல்லை எங்கே காயப்போடும்? விதைக்கும் உரத்துக்கும் கடன் தந்தவரிடமே பச்சை நெல்லாகக் கொடுக்க வேண்டி வருகிறது.

வாங்குவோர் கூடிப் பேசியதை நிரூபிப்பது கடினம். தனியாள் சொல்லை விடக் கமக்காரர் அமைப்பின் பதிவேடு கனதியானது. எனவே அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் கடந்த போகத்தில் எந்தத் திகதியில், எந்த வட்டையில், யாருக்கு, என்ன விலைக்கு விற்றது, மூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், கடன் தந்தவர் தனக்கே விற்க வேண்டுமென்று சொன்னாரா என்பவற்றை எழுதிக் கொண்டு வரவும். துண்டு, பில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.