பீப்பாய் வீரியமும் நீர்த்துளியும்

வருசநாட்டு மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் ஸ்காட்லாந்து விஸ்கியின் குணாகுணங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் துணிவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் முகர்ந்தும் சுவைத்தும் தரத்தை நிர்ணயிப்பதற்கு வேண்டிய மூலதனம் அவரவர் மூக்கிலும் ஞாபகத்திலுமே இருக்கிறது என்பது, உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் புட்டிகளைப் பல வருஷங்களாக நிதானமாகப் பரிசோதித்ததில் எனக்கு ஏற்பட்ட தெளிவு.

சாதாரண சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பீப்பாயிலிருந்து எடுத்து, நீர் சேர்த்து, பெரும்பாலும் 40 முதல் 46 சதவீதம் ஆல்கஹால் அளவுக்கு இறக்கிய பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். 'காஸ்க் ஸ்ட்ரென்த்' வகையில் அவ்விதம் இறக்குவதில்லை. அபெர்லூர் அபுனா போன்றவை 60 சதவீதத்தை ஒட்டிய வீரியத்துடனேயே வந்து சேருகின்றன. ஆகவே நீர் கலக்கும் பொறுப்பு குடிப்பவனிடமே ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பொறுப்பை எவ்வளவு பக்குவமாக நிறைவேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே நம் தீர்ப்புக்கும் மதிப்பு.

சித்திரை வெக்கையில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு எழுந்து மூக்கை மரக்கச் செய்துவிடுமாதலால், கார்த்திகை, மார்கழி மாதங்களின் குளிர்ந்த மாலைப்பொழுதில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, சாம்பிராணியும் மல்லிகைச் சரமும் இல்லாத அறையில் உட்காருவது உத்தமம். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிஷம் சும்மா விட்டுவைத்து, பிறகு உதடுகளைச் சற்றே திறந்தபடி, கிண்ணத்தை மோவாய்க்கு நேரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக மூக்கை உள்ளே நுழைப்பவனுக்கு எரிச்சலைத் தவிர வேறொன்றும் பிரத்தியட்சமாவதில்லை.

வாசனைகளைக் குறித்துக்கொள்ளும்போது, நாம் கண்டிராத ஹெதர் பூவையும் ருசித்திராத ஐரோப்பியப் பலகாரங்களையும் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில் பிரயோஜனமில்லை. ஷெர்ரி ஒயின் பீப்பாயில் முதிர்ந்த சரக்கில் எனக்குத் தென்படுவது காய்ந்து சுருங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. அமெரிக்க போர்பன் பீப்பாயில் முதிர்ந்ததில் மலைத்தேனும், சில வேளை போடிநாயக்கனூர் ஏலக்காயும். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை பீட் என்னும் கரிமண்ணின் புகையில் உலர்த்துகிற லாஃப்ரோய்க் போன்ற ஐலா தீவுச் சரக்கிலோ, ஈரவிறகுப் புகையோடு ஆஸ்பத்திரி டிங்சர் நெடியும் சேர்ந்து வரும்.

முதல் வாய் நீரின்றியே அருந்தி, நாக்கு முழுவதும் படரவிட்ட பின், இங்க் ஃபில்லரால் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். 60 சதவீதமுள்ள 30 மில்லியில் 10 மில்லி நீர் சேர்ந்தால் வீரியம் 45 சதவீதத்துக்கு இறங்கும். உப்புப் பிடித்த போர் தண்ணீர் கூடாது. காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீர் போதும். புகைநெடி தரும் குவாயகால் என்னும் பொருள், ஆல்கஹால் செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறதென்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2017-இல் கணினிக் கணக்கீட்டின் மூலம் காட்டியிருக்கின்றனர். நீர் பட்டதும் லேசாகக் கலங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. குளிரூட்டி வடிகட்டாத சரக்கின் சுபாவம் அது.

மதிப்பிடும்போது வயதைக் கண்டு மயங்கலாகாது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதமே ஆவியாகிறது. 2004-இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அம்ருத் விஸ்கி முதிர்கிற பெங்களூரிலோ இது 10 சதவீதத்தையும் தாண்டும். ஆதலால் அங்கே சில ஆண்டுகளிலேயே மரத்தின் சாரம் மிகுதியாக இறங்கிவிடுகிறது. நீர் சேரச் சேரப் புதிய வாசனையொன்றைத் தருவதே சிறந்த சரக்கென்றும், நீரில் சப்பென்று போய்விடுவது வெறும் வீரியமே என்றும் நான் தீர்ப்பளிப்பேன்.

வாசகர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 60 சதவீதமுள்ள 30 மில்லி, 40 சதவீதமுள்ள 45 மில்லிக்குச் சமம், பரிசோதனைக்கு அந்த ஒரு கிண்ணமே போதும், அதன்பின் வண்டிச் சாவியைத் தொடவே கூடாது.