காணாத வீட்டின் கிரயம்

சவூதியிலும் குவைத்திலும் பணிபுரியும் நம்மவர் சிலர், அறையிலிருந்தபடியே இணையத்தில் துபாய் வீடுகளைத் தேடுகிறார்கள். 2006-ம் ஆண்டின் 7-ம் எண் சட்டப்படி, குறிக்கப்பட்ட பகுதிகளில் அயல்நாட்டாரும் அங்கே சொத்துரிமை பெறலாம். தேடுவதில் தவறில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பது வீட்டைப் பார்ப்பதாகுமா?

காணாத பொருளை வாங்கலாம். கண்டபின் கிரயத்தை முறிக்க வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி அக்கிரயமே செல்லாது. நேரில் காண்பதற்கு மார்க்கம் தரும் மதிப்பை இரண்டிலும் காண்கிறோம்.

ஆகவே, போக இயலாதவர் நம்பிக்கையான ஒருவரை வகீலாக அமர்த்திப் பார்க்கச் செய்ய வேண்டும். விளம்பரத்தில் நில இலாகாவின் அனுமதி எண் உள்ளதா, பத்திரம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னும் கட்டாத வீட்டின் விதி வேறு. 2007-ம் ஆண்டின் 8-ம் எண் சட்டப்படி, அதற்கான பணம் அந்தக் கட்டடத்திற்குரிய தனி வங்கிக் கணக்கில்தான் சேர வேண்டும். தரகர் கையில் அன்று.

மனைவி மக்களைப் பிரிந்து, ஆண்டுக்கணக்காய் உழைத்துச் சேர்த்த ஹலாலான பொருள் அது. படத்தை நம்பிக் கொடுத்துவிடலாமா? சிந்திப்போமாக!