மூன்றாவது சேலையா, மூன்றாவது விலையா?

கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா சாலையில் உள்ள ஒரு துணிக்கடையில், “விலையில் மூன்றாவதாக உள்ள சேலையைக் காட்டுங்கள்” என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். முதல் இரண்டு சேலைகளும் ஒரே விலை என்றால், விற்பனையாளர் எதைக் காட்டுவார்? வரிசையில் மூன்றாவது சேலையையா, மூன்றாவது விலையில் உள்ள சேலையையா?

கணினி நிரல் எழுதுவோருக்கும் இதே ஐயம் எழுகிறது. ஒரே வகையான மதிப்புகளை வரிசையாகச் சேமிக்கும் அமைப்பை ‘அணி’ என்பர். கோலாலம்பூரின் நான்கு கோபுரங்களின் உயரத்தைக் கிட்டிய மீட்டரில் ஓர் அணியில் இடுவோம். பெட்ரோனாஸ் கோபுரம் ஒன்று 452, கோலாலம்பூர் கோபுரம் 421, மெர்டேக்கா 118 கோபுரம் 679, பெட்ரோனாஸ் கோபுரம் இரண்டு 452.

இவ்வணியில் மூன்றாவது பெரிய மதிப்பு எது? இறங்கு வரிசையில் அடுக்கினால் 679, 452, 452, 421 என வரும். மூன்றாம் இடத்தில் 452 உள்ளது. ஆனால், அது இரண்டாம் இடத்தில் உள்ள அதே மதிப்புதான். வெவ்வேறு மதிப்புகளை மட்டும் எண்ணினால் விடை 421 ஆகும்.

அணியை அடுக்காமலும் இவ்விடையைக் காணலாம். முதலில், மூன்று வெற்றிடங்களை ஒதுக்க வேண்டும். 452 முதல் இடத்தைப் பெறும். 421 அதைவிடச் சிறியது. இரண்டாம் இடத்திற்குச் செல்லும். 679 வந்ததும் முதல் இடத்தைப் பிடிக்கும். மற்ற இரண்டும் ஒவ்வோர் இடம் கீழே இறங்கும். இறுதியில் வரும் 452 ஏற்கெனவே உள்ளதால் அதனைத் தவிர்க்க வேண்டும். அணியை ஒரே முறை பார்வையிட்டதும் மூன்றாம் இடத்தில் 421 கிடைத்துவிடும். நான்காவது மதிப்பைக் கேட்டால், ‘இல்லை’ என்று கூறவும் நிரலுக்குக் கற்பிக்க வேண்டும்.

இவ்வேறுபாடு சிறியதன்று. ஒரு போட்டியில் நால்வர் 95, 95, 92, 90 புள்ளிகள் பெறுகின்றனர். “முதல் மூன்று நிலைகளுக்குப் பரிசு” என்பது மூன்று பேரைக் குறித்தால், 90 பெற்றவருக்குப் பரிசில்லை. மூன்று வெவ்வேறு புள்ளிகளைக் குறித்தால் அவருக்கும் பரிசுண்டு. கணினி இரண்டையும் பிழையின்றிக் கணக்கிடும். எது நியாயம் என்பதைப் போட்டிக்கு முன்பே மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.