பரம்பரையலகு மாற்றப்பட்ட விதைகளை இனங்காணல்: ஆய்கூட ஊழியர் பெறும் பயிற்சி



"உயிரியல் தொழினுட்பம்" என்ற அலகில் பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிர்களின் நன்மை, தீமைகளைப் பட்டியலிட நீங்கள் பழகியிருப்பீர்கள். அவ்வாறான விதை ஒன்றைச் சாதாரண விதைகளுக்கிடையே கண்டுபிடிப்பது எப்படி? கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பொதுவாக நிறம், பருமன், நிறை எதுவும் வேறுபடாது. எனவே இதற்கெனப் பயிற்றப்பட்ட ஊழியர் தேவை. அவர்கள் எதைக் கற்கிறார்கள், ஏன் கற்கிறார்கள் என்பதை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இச்சோதனை ஏன் அவசியமானது?

ஓர் உண்மைச் சம்பவத்திலிருந்து தொடங்குவோம். கனடாவில் 1990களில் ட்ரிஃபிட் என்னும் பரம்பரையலகு மாற்றப்பட்ட ஆளி இனம் உருவாக்கப்பட்டு அனுமதியும் பெற்றது. ஆனால் ஆளி விதையைப் பெருமளவில் வாங்கிய ஐரோப்பா அதை ஏற்காது என விவசாயிகள் அஞ்சினர். அவர்களின் வேண்டுகோளின்படி 2001 இல் அதன் பதிவு நீக்கப்பட்டது. அத்துடன் விடயம் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். எனினும் 2009 இல், கனடாவிலிருந்து ஐரோப்பா சென்ற ஆளி விதைகளில் அதே இனம் சிறிதளவில் கலந்திருப்பதை ஆய்கூடங்கள் கண்டுபிடித்தன. ஏற்றுமதி பெரிதும் பாதிக்கப்பட்டது. அந்த இனத்தை ஒருநாளும் பயிரிடாத விவசாயிகளும் நட்டமடைந்தனர். அதன்பின் விதைக்கு முன்னரே விதைகளைப் பரிசோதிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது: ஆய்கூடம் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பைத் தீர்மானிக்கலாம். "இல்லை" என்று பிழையாக எழுதினால் வாங்குபவர் ஏமாற்றப்படுவார். "உண்டு" என்று பிழையாக எழுதினால் குற்றமற்ற விவசாயி தண்டிக்கப்படுவார்.

உயிரியற் பாதுகாப்புத் தொடர்பான கார்ட்டஜீனா உடன்படிக்கை 2000 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு நாடாகும். இத்தகைய சட்டங்கள் பயன்தர வேண்டுமாயின் நம்பத்தக்க ஆய்கூடங்கள் வேண்டும். 1924 இல் நிறுவப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம், ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆராய்ச்சி நிலையம் போன்றவை பல நாட்டு ஆய்கூட ஊழியருக்கு இத்துறையில் பயிற்சி வழங்கியுள்ளன.

2. பயிற்சியின் முதற் பாடம்: மாதிரி எடுத்தல்

சோதனை ஆரம்பிப்பது இயந்திரத்தில் அல்ல, சாக்கில். அரிசிக் கடையில் குத்தூசியால் சாக்கைக் குத்தி அரிசி பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோன்ற கருவியால் பல சாக்குகளில், மேல், நடு, அடி ஆகிய பல இடங்களில் விதை எடுக்கப்படும். அவற்றை ஒன்றாகக் கலந்து, சமமாகப் பிரித்து, ஆய்கூட மாதிரி பெறப்படும். மேற்பகுதியில் மட்டும் ஒரு பிடி எடுத்தால் அது முழுத் தொகுதியையும் பிரதிநிதித்துவப்படுத்தாது.

எத்தனை விதைகளைச் சோதிக்க வேண்டும்? ஒரு தொகுதியில் 0.1%, அதாவது 1000 விதைக்கு 1 என்ற அளவில் கலப்பு உள்ளதெனக் கொள்வோம். 1000 விதைகளை எடுத்தால் ஒன்று கட்டாயம் அகப்படும் எனப் பலர் நினைப்பர். அது தவறு. ஒரு விதை சாதாரண விதையாக இருக்கும் நிகழ்தகவு 0.999. ஆயிரமும் சாதாரண விதைகளாகவே அமையும் நிகழ்தகவு 0.999 இன் ஆயிரமாம் அடுக்கு. அது ஏறத்தாழ 0.37. அதாவது நூற்றில் 37 தடவை கலப்பு நம் கண்ணில் படாமலே போய்விடும். 3000 விதைகளை எடுத்தால் இது ஏறத்தாழ 0.05 ஆகக் குறையும். இத்துறையில் 3000 என்ற எண் அடிக்கடி பேசப்படுவதன் காரணம் இதுவே.

3. பிரதான சோதனை முறைகள்

அ) உயிர்ச் சோதனை: களைநாசினியைத் தாங்கும் பயிராயின், களைநாசினி இட்ட ஊடகத்தில் விதைகளை முளைக்க வைப்பர். எதிர்ப்புப் பண்புள்ள நாற்றுகள் மட்டும் நன்கு வளரும். செலவு குறைவு, ஆனால் பல நாட்கள் எடுக்கும். களைநாசினி எதிர்ப்பைத் தவிர வேறு பண்புகளை இதனால் அறிய முடியாது.

ஆ) புரதச் சோதனை: புகுத்தப்பட்ட பரம்பரையலகு உருவாக்கும் புரதத்தை, அதற்குரிய பிறபொருளெதிரி கொண்டு இனங்காணல். கொவிட்-19 காலத்தில் இரண்டு கோடுகள் தோன்றும் அன்டிஜன் சோதனைப் பட்டையைக் கண்டிருப்பீர்கள், தத்துவம் அதுவே. சில நிமிடங்களில் விடை கிடைக்கும். ஆனால் சூடாக்கிப் பதப்படுத்திய பொருளில் புரதம் சிதைந்திருக்குமாதலால் நம்ப முடியாது.

இ) டி.என்.ஏ. சோதனை: பொலிமரேசு சங்கிலித் தாக்கம், அதாவது பி.சி.ஆர். விதைகளை அரைத்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, தேடும் துண்டை மட்டும் பெருக்குவர். ஏறத்தாழ 95 பாகை செல்சியசில் இழைகள் பிரியும். 60 பாகை அளவில் முதலிகள் ஒட்டும். 72 பாகை அளவில் நொதியம் புதிய இழையை அமைக்கும். ஒரு வட்டத்தில் துண்டுகள் இரட்டிப்பாகுமெனின், 30 வட்டங்களில் ஒரு துண்டு 100 கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாகும். பல பயிர்களில் புகுத்தப்பட்டுள்ள 35எஸ் என்னும் ஊக்குவிப்பித் துண்டு முதலில் தேடப்படும். இத்துண்டு பூக்கோவா மொசேக் வைரசிலிருந்து பெறப்பட்டது. ஆகவே அவ்வைரசு தொற்றிய சாதாரண கோவாத் தாவரமும் "உண்டு" எனக் காட்டலாம். எல்லா மாற்றப்பட்ட பயிர்களிலும் 35எஸ் இருப்பதுமில்லை. எனவே ஒரே துண்டைத் தேடி முடிவுக்கு வரலாகாது.

4. கைப்பழக்கமும் ஒழுங்கும்

100 கோடியாகப் பெருக்கும் முறையில், ஒரு துளி மாசும் 100 கோடியாகப் பெருகும். ஆகையால் பயிற்சியில் அதிக நேரம் செலவிடப்படுவது பின்வருவனவற்றிலாகும்.

• விதை அரைத்தல், டி.என்.ஏ. பிரித்தல், தாக்கக் கலவை தயாரித்தல், பெருக்கிய பொருளைக் கையாளல் என்பவற்றுக்கு வெவ்வேறு இடங்கள். ஊழியர் சுத்தமான பகுதியிலிருந்து மற்றதற்குச் செல்லலாம். அதே மேலங்கியுடன் திரும்பி வரக்கூடாது.
• ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய குழாயி முனையும் தேவையானபோது புதிய கையுறையும்.
• அரைக்கும் கருவியை ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னரும் முற்றாகக் கழுவுதல்.
• கட்டுப்பாட்டு மாதிரிகள்: மாற்றம் உள்ளதென அறியப்பட்டது, இல்லையென அறியப்பட்டது, டி.என்.ஏ. இடாத வெற்றுக் குழாய்.
• அப்பயிருக்கே இயற்கையாக உரிய ஒரு பரம்பரையலகையும் சேர்த்துச் சோதித்தல். சோயாவில் லெக்ரின் பரம்பரையலகு இதற்கு உதாரணம். அது தோன்றினால்தான் டி.என்.ஏ. சரியாகப் பிரிக்கப்பட்டது எனலாம்.

பயிற்சியின் முடிவில் விடை மறைக்கப்பட்ட மாதிரிகள் ஊழியரிடம் வழங்கப்படும். எதில் கலப்பு உண்டென்பது வழங்குபவருக்கு மட்டுமே தெரியும். பரீட்சை உங்களுக்கு மட்டுமல்ல, பார்த்தீர்களா! ஆய்கூடங்களும் குறித்த காலத்துக்கு ஒருமுறை இவ்வாறான தேர்ச்சிச் சோதனைக்குத் தம்மை உட்படுத்துகின்றன.

5. மாதிரி வினா விடை

வினா 1: வெற்றுக் குழாயிலும் "உண்டு" என விடை வந்தது. ஊழியர் செய்ய வேண்டியது யாது?
விடை: மாசு கலந்துள்ளது. அத்தொகுதியின் பெறுபேறுகளை நிராகரித்து, காரணத்தைக் கண்டறிந்து, மீண்டும் சோதித்தல் வேண்டும்.

வினா 2: 35எஸ் தோன்றவில்லை, பயிருக்குரிய பரம்பரையலகும் தோன்றவில்லை. "கலப்பு இல்லை" என எழுதலாமா?
விடை: எழுதலாகாது. டி.என்.ஏ. சரியாகப் பிரிக்கப்படாதிருக்கலாம் அல்லது தாக்கம் தடுக்கப்பட்டிருக்கலாம். இது விடையற்ற சோதனையாகும்.

வினா 3: "கண்டறியப்படவில்லை", "இல்லை" என்பவற்றின் வேறுபாடு யாது?
விடை: முன்னையது சோதித்த மாதிரி பற்றியும் அம்முறையின் எல்லை பற்றியும் கூறுவது. பின்னையது முழுத் தொகுதி பற்றிய உறுதிமொழி. எந்த ஆய்கூடத்தாலும் அதை வழங்க முடியாது.

மூன்றாம் வினாவில்தான் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். என் வகுப்பில் ஒரு மாணவி, "சேர், தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் பயிற்சி வேண்டுமா?" என்று கேட்டாள். ஆம், அதற்குத்தான் அதிக பயிற்சி வேண்டும். பாடசாலை ஆய்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, பக்கத்து மேசைக் கொப்பியைப் பார்த்து வாசிப்பைத் திருத்தி எழுதும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அப்பழக்கத்தை இன்றே கைவிடுங்கள். நாளை உங்கள் கையொப்பத்தை நம்பி யாரோ ஒருவர் தன் வயலில் விதைக்கக்கூடும்.

நினைவிற் கொள்க: சரியான மாதிரி, சரியான கட்டுப்பாடு, நேர்மையான அறிக்கை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சோதனை பயனற்றதாகும்.