நெல் அட்டியில் சூடு: சராசரி பார்த்தால் போதாது

அறுவடையான நெல்லைக் களத்தில் காயவைத்து, மூட்டை பிடித்து, வீட்டிலோ கொட்டகையிலோ அட்டி போட்டு வைப்பது வழக்கம். நன்றாகக் காய்ந்த நெல்தானே என்று நம்பி அடுக்கிய அட்டியிலும், சில வாரம் கழித்துப் பிரித்தால், ஒன்றிரண்டு மூட்டைகளில் பூஞ்சாண வாடை அடிப்பதுண்டு. அது விதை நெல்லானால் முளைப்புத் திறன் குறைந்து, அடுத்த பட்டத்து நாற்றங்காலில் நஷ்டம் தெரியவரும். இதற்கு ஈரப்பதம் மட்டும் காரணம் அல்ல. அட்டி போட்ட அன்று எந்த மூட்டை எவ்வளவு சூடாக இருந்தது என்பதும் ஒரு காரணமாகும்.

நெல் சூட்டை எளிதில் விடாது

நெல்மணிகளுக்கு இடையே காற்று அடைபட்டிருப்பதால், குவியலுக்குள் வெப்பம் மிக மெதுவாகவே நகரும். வெப்பம் கடக்க வேண்டிய கனம் இரு மடங்கானால், அதற்கு ஆகும் காலம் நான்கு மடங்காகும். 5 செ.மீ. கனத்தில் பரப்பிய நெல் ஆற ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகிறது எனில், 25 செ.மீ. உள்ளே உள்ள சூடு வெளியேற ஒரு வாரமும், ஒரு மீட்டர் உள்ளே உள்ள சூடு வெளியேற நான்கு மாதமும் ஆகும். ஆகவே முதல் நாள் இருந்த சூடு, அட்டியின் நடுவில் பல வாரம் தங்கிவிடுகிறது.

சராசரி மறைக்கும் ஆபத்து

ஓர் அட்டியில் பத்து மூட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது மூட்டைகள் நேற்றே ஆறியவை. 30 டிகிரி சென்டிகிரேட். ஒரு மூட்டை மட்டும் இன்று பகல் களத்திலிருந்து நேரே பிடித்தது, 50 டிகிரி. சராசரி 32 டிகிரிதான். இதைப் பார்த்தால் பயமில்லை என்றே தோன்றும். ஆனால் அட்டியில் எந்த மூட்டையும் 32 டிகிரியில் இல்லை.

சூடான மூட்டையிலுள்ள காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். அந்தக் காற்று பக்கத்து மூட்டைக்குள் சென்று குளிரும்போது, ஈரத்தை அங்குள்ள நெல்லில் விட்டுவிடும். சூடு ஒரு மூட்டையில். பூஞ்சாணம் அடுத்த மூட்டையில்! சூடு குறைந்து 25 முதல் 35 டிகிரிக்குள் வரும் இடங்களில் வண்டும் அந்துப் பூச்சியும் நன்கு பெருகும். அவை சுவாசிப்பதால் மேலும் சூடும் ஈரமும் உண்டாகும்.

கணிப்பொறிக் கணக்கிலும் இதே விதி

சைலோ எனப்படும் பெரிய உருளைக் கிடங்குகளில் தானியம் எப்படி ஆறும் என்பதைக் கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். தானியத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய தொடக்க வெப்பநிலையைத் தரவேண்டும். இரண்டு இடங்களில் 30, 40 என்று அளந்திருந்தால், நடுவில் உள்ளதற்கு 35 என்று விகிதப்படி இடுவார்கள். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே சராசரியை இட்டால், உள்ளே வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வதே தொடக்கத்தில் கணக்கில் வராது. அளக்காமல் விட்ட இடத்தில் சூடு ஒளிந்திருந்தாலும் கணக்கு தவறிப்போகும். கணிப்பொறி இல்லாத நமக்கும் பாடம் ஒன்றே: தொடக்கத்தில் இடத்துக்கு இடம் பார்க்கவேண்டும்.

செய்யவேண்டியவை

1. விதை நெல்லைப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை கடும் வெயிலில் காயவைக்கக் கூடாது. சாதாரணச் சாக்கில் வைக்கும் விதை நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது.

2. காய்ந்த நெல்லை உடனே மூட்டை பிடிக்காமல், பனியும் மழையும் படாத கூரையின் கீழ் 5 செ.மீ. கனத்தில் பரப்பி, அவ்வப்போது கிளறி ஆறவிடவேண்டும். மாலையில் பரப்பினால் மறுநாள் காலை மூட்டை பிடிக்கலாம்.

3. அட்டி போடுமுன் ஒவ்வொரு மூட்டையின் நடுவிலும் சுத்தமான இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கவேண்டும். சுடும் மூட்டையைப் பிரித்து மீண்டும் ஆறவைக்கவேண்டும். கண்ணாடி வெப்பமானியை நெல்லில் குத்தக் கூடாது. உடைந்தால் பாதரசம் நெல்லில் கலந்துவிடும்.

4. வெவ்வேறு நாள் காய்ந்த நெல்லை, எல்லாம் ஒரே அளவு ஆறிய பிறகே ஒரே அட்டியில் அடுக்கவேண்டும்.

5. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும்.

6. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மேல், நடு, அடி, ஓரம் என நான்கு இடங்களில் கம்பி வைத்துப் பார்க்கவேண்டும். ஓரிடம் மட்டும் சுட்டால் அட்டியைப் பிரித்து அந்த மூட்டையையும், அதைச் சுற்றியுள்ள மூட்டைகளையும் சோதிக்கவேண்டும்.

இவற்றுக்குச் செலவு ஓர் இரவுப் பொழுதும் ஓர் இரும்புக் கம்பியும்தான். விவசாயிகள் இம்முறையைக் கையாண்டு, சேமித்த நெல்லையும் அடுத்த பட்டத்துக்கான விதையையும் காத்துக்கொள்ளலாம்.