கருவியிசைக்கு ஆசான் தேடுதல்

வாய்ப்பாட்டுப் பயில்வோனுக்குக் கருவி அவனது மிடறே. அதனை அவன் பிறக்கும்பொழுதே கொண்டுவந்து விடுகிறான். கருவியிசை பயில்வோனுக்கோ தேட வேண்டியவை இரண்டு உள. ஒன்று கருவி; மற்றொன்று அதனைக் கையாளக் கற்பிக்கும் ஆசான். இவ்விரண்டனுள் எதனை முன்னர்த் தேடுவது என்னும் வினாவுக்கு நம்மவரிற் பலர் செயலாற் கூறும் விடை, கருவியை என்பதே. பிள்ளை ஆசைப்பட்டான் என்று வயலினோ கிற்றாரோ வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே யாரிடம் விடுவோம் என்று அயலவரை உசாவுகின்றனர். அலுமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கும் வயலின் பெட்டிகள் நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல. கருவி வீணாவது சிறு நட்டம். தனக்கு இசை வாராது என்று ஒரு பிள்ளை தன்னைப்பற்றித் தானே முடிவு செய்துகொள்வது பெரு நட்டம். ஆதலின், ஆசானை முன்னர்த் தேடுக, கருவியைப் பின்னர் வாங்குக என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவ்வாசானை அறிந்து தெரிவது எவ்வாறு என்பதை நம் நூல்கள் கொண்டும் உலக வழக்குக் கொண்டும் ஈண்டு ஆராய்வாம்.

நன்னூல் தரும் அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தை நம் கல்லூரியில் இலக்கணம் பயின்ற எவரும் மறந்திரார். பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும், ஆசிரியனாகத் தகாதவனுக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கினையும் உவமை கூறினார். நூல் கற்பிப்போனை நோக்கிக் கூறிய இவை, கருவி கற்பிப்போனுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகின்றன.

கழற்சிக்காயை நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவரமாட்டா. சரளி வரிசையும் சண்டை வரிசையும் அலங்காரமும் கையிற் படியுமுன், அடுத்த மாதத்துக் கலைவிழாவுக்காக ஒரு கீர்த்தனையை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர் கழற்குடம் போல்வர். கைதட்டு அன்றே கிடைக்கும். கை மட்டும் ஆண்டுகள் சென்றாலும் திருந்தாது.

மடற்பனையின் இயல்பை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பழம் பறித்தல் அரிது. அது தானாக விழுத்தினாலே உண்டு. மேடையில் பெரும் வித்துவானாக விளங்கியும், மாணவன் ஐயம் வினவினால் முகஞ்சுளிப்பவர் இவ்வகையினர். பஞ்சு அடைத்த குண்டிகையிலிருந்து பஞ்சை எடுப்பது கடினம். அறிந்ததை மாதத்துக்கு ஓர் அணுவாகக் கிள்ளித் தருவார் அத்தகையர். முடத்தெங்கு, நீர் வார்த்தவன் முற்றத்தை விட்டு அயலான் முற்றத்திற் காய் உதிர்க்கும். ஒரு பிள்ளையிடம் பணம் பெற்றுக்கொண்டு, அப்பிள்ளையின் நேரத்தில் வேறொருவனைப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்வார் உளராயின் அவர்க்கு இவ்வுவமை மிகையாகாது.

இனி, தேடத்தக்கவரை நோக்குவோம். நிலம் பருவத்துக்கும் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருவது. எட்டு வயதுக் கையும் முப்பது வயதுக் கையும் ஒன்றல்ல என்பதறிந்து கற்பிப்பவரே நிலம் போல்வார். மலை, மழை வறண்ட காலத்தும் வளந்தருவது; பிள்ளையின் ஊக்கம் வறண்ட மாதத்திலும் கொடுக்க ஒன்றுடையவர் அவர். நிறைகோல் நடுநிலை பிறழாதது. சுருதி ஓர் இழை விலகினும், பிறர் பிள்ளையாயினும் தம் பிள்ளையாயினும், விலகியது என்று சொல்லும் செவி அது. மலர் என்பது முகமலர்ச்சி. அடியும் அச்சமும் விரலை இறுக்கும். இறுகிய விரலில் நாதம் பிறவாது.

ஆறு ஆசிரியர் கூடிய அரங்கு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். தண்ணுமையாசான் பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் ஆண்டுப் பெறப்படும்.

இதனால் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கே உரிய ஆசான் வேண்டும் என்பது ஒன்று. வயலின், வீணை, கிற்றார், ஓகன் அனைத்தும் ஈண்டுக் கற்பிக்கப்படும் என்று ஒருவரே பலகை தொங்கவிட்டிருந்தால், அவற்றுள் எது அவர்தம் கருவி என்று பணிவுடன் வினவுதல் தகும். தன் கருவியை மட்டுமன்றிப் பிறர் இசையையும் செவிமடுக்கக் கற்பிப்பவரே முழு ஆசான் என்பது மற்றொன்று.

கை ஒருவரிடம், இசை ஒருவரிடம்

வயலின் ஆசிரியர் என்னும் பெயரால் இருவேறு வகையினர் உளர். கர்நாடக இசையில் வயலினைத் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலக்காற் பரட்டில் ஊன்றி வாசிப்பர். நான்கு தந்திகளையும் ச, ப, ச, ப எனச் சுருதி கூட்டுவர். மேனாட்டு முறையில் அதனை நாடியின் கீழ் அணைத்து வாசிப்பர். ஒவ்வொரு தந்தியும் அடுத்ததற்கு ஐந்தாம் சுரமாக நிற்கும். எம்முறை வேண்டும் என்று துணிந்த பின்னரே ஆசானைத் தேடவேண்டும்.

அவ்வயலின் நம் இசைக்குள் வந்த வரலாறே ஆசான் தேடிய வரலாறுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் 1786 இல் பிறந்தவர். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னைப் பக்கம் வாழ்ந்த காலத்து, அவ்வள்ளல்கள் ஒழுங்கு செய்த ஐரோப்பிய ஆசிரியரொருவரிடம் அவர் மூன்றாண்டு வயலின் பயின்றார். வில்லையும் விரலையும் அயலவரிடம் கற்றார்; இராகமும் கமகமும் அவர் வீட்டுச் செல்வமாயிருந்தன. இரண்டும் கூடியதனால் அயல்நாட்டுக் கருவி நம் கருவியாயிற்று.

இதன் மறுதலையை நம் காலத்திற் செல்லோவிற் காண்கின்றோம். நெதர்லாந்திற் பிறந்த சஸ்கியா ராவ் டி ஹாஸ் அம்மையார் செல்லோவில் கைதேர்ந்தவர். அவர் இந்துஸ்தானி இசை பயில விரும்பியபோது அடைந்த ஆசான்களுள் ஒருவர் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா. கை முன்னரே அமைந்திருந்தமையால், வேறு கருவியாளரிடம் இசையைப் பெறுதல் அவர்க்கு இயன்றது. கை அமையாத தொடக்க மாணவன் இதனை மேற்கோளாகக் கொள்ளலாகாது. அவனுக்கு முதல் ஈராண்டும் அக்கருவியையே வாசிப்பவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

ஆசானுக்காக ஊர்விட்டுச் சென்றாரும் உளர். செல்லோவின் பெருமையை உலகறியச் செய்த பாப்லோ கசல்ஸ் 1876 இல் கற்றலோனியாவிற் பிறந்தவர். அவரைத் தச்சுத் தொழிலில் விட எண்ணினார் தந்தையார். பதினொரு வயதில் கார்சியா என்பார் செல்லோ வாசிக்கக் கேட்டு மகன் உருகியதைக் கண்ட தாயார், அவனைப் பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்று அக்கார்சியாவிடமே பயில வைத்தார். வில் பிடிக்கும் கையின் இடுக்கில் ஒரு புத்தகத்தை இடுக்கிப் பயிலும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அவ்விறுக்கத்தைக் கசல்ஸ் பின்னர்க் கைவிட்டுத் தோளை இயல்பாக இயங்கவிட்டார். 1890 இல் பழைய இசையேட்டுக் கடையொன்றிற் கண்டெடுத்த பாஹ் என்பாரின் செல்லோ ஆக்கங்களை, ஏறத்தாழப் பன்னிரண்டாண்டு தனிமையிற் பயின்ற பின்னரே அவையிற் முழுமையாக வாசித்தார். நல்லாசான் தரும் பொறுமையின் அளவு இது.

இணுவிலில் 1933 இல் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்திக்குத் தந்தையார் விசுவலிங்கமே ஆசானாய் அமைந்தார். அத்தகைய குடும்பங்களில் பிள்ளை நடக்குமுன்னரே கருவியைக் கேட்கிறது. அப்பேறில்லாத மற்றையோர்க்கே இத்தேடல் வேண்டியதாகின்றது.

தேடுமிடமும் தேர்வுமுறையும்

வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு வடபுலத்தில் வழிகாட்டுவார் உளர். மருதனார்மடத்தில் 1960 இல் தோன்றி, 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்திற் பயின்று வெளியேறியோர் பலர் இல்லங்களிற் கற்பிக்கின்றனர். செல்லோ முதலிய மேனாட்டுக் கருவிகளுக்கு, 1958 இல் தொடங்கிய சிம்பொனி வாத்தியக் குழுவையுடைய கொழும்பையே பெரிதும் நோக்கவேண்டும். தொலைவிலுள்ளார் மாதம் ஒருமுறை நேரிலும், இடைவாரங்களில் இணையத் திரைவழியும் பாடங் கேட்கலாம். ஆயினும் திரைவழி ஒலி தாழ்த்து வருவதால், ஆசானும் மாணவனும் ஒருங்கே வாசித்தல் இயலாது. மணிக்கட்டைத் தொட்டுத் திருத்தவும் இயலாது. ஆதலின் முதற் சில மாதங்களேனும் நேர்ப்பாடமாதல் நன்று. அதற்கு வழியில்லாதவிடத்து, அயலில் நல்லாசான் உள்ள கருவியிற் பிள்ளையைத் தொடங்குவிப்பதே அறிவுடைமை. ஒரு கருவியில் விளைந்த செவி மற்றைக் கருவிக்கும் உதவும்.

ஆசானைக் கண்ட பின் கவனிக்கத்தக்கன வருமாறு:

1. ஆசானின் கச்சேரியை மட்டும் கேளாது, அவரிடம் ஈராண்டு பயின்ற மாணவரின் வாசிப்பைக் கேட்க. பயிரைப் பார்த்தே உழவனை மதிக்க வேண்டும்.

2. அவர் இசைவுடன் ஒரு பாடத்தை உடனிருந்து காண்க. அவர் தாமே வாசித்துக் காட்டுகிறாரா, மாணவனின் தோளையும் விரலையும் நோக்குகிறாரா, பேச்சு மிகுதியா வாசிப்பு மிகுதியா என்பன ஒரு மணி நேரத்தில் விளங்கும்.

3. முதல் ஆறு மாதத்தில் என்ன கற்பிப்பீர்கள் என்று வினவுக. முறையுடையார்க்கு இவ்வினா இனிக்கும்.

4. கட்டணம், நாள், தவறிய பாடத்துக்கு ஈடு ஆகியவற்றை முதலிலேயே பேசிக்கொள்க. வெட்கத்தாற் பேசாது விட்டவை பின்னர் மனக்கசப்பாகும். சிறுவர்க்குரிய பாடம் வீட்டாரின் கண்ணிற்படும் இடத்தில் நடைபெறுக.

5. ஒரு மாதம் பயின்ற பின்னரே, ஆசானை உடன்கொண்டு கருவி வாங்குக. வயலினும் செல்லோவும் சிறுவர் உடலளவுக்கேற்பச் சிறிய அளவுகளிலும் கிடைக்கின்றன. வளர்ந்தபின் உதவும் என்று பெரியதை வாங்குதல், வளர்ந்தபின் உதவும் என்று பெரிய சப்பாத்தில் ஓடவிடுதல் போலாம்.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளும் இலண்டன் இசைச் சபைகளின் தேர்வுகளும் கற்றலுக்கு நல்ல படிகள். ஆயின், சான்றிதழ் ஒருவர் கற்றதைக் கூறுமேயன்றிக் கற்பிக்கும் திறத்தை முற்றக் கூறாது. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றைப் பெற்று வகுப்பறையில் ஆண்டுகள் பல கழித்தவன் என்ற முறையில் இதனைத் துணிந்து சொல்கின்றேன். பிள்ளைகளின் முன் நிற்கும்பொழுதே அச்சான்றிதழ் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகின்றது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

1983 இன் பின் நம் இசையாசிரியர் பலர் கடல் கடந்தனர். பழைய மாணவரும் அவ்வாறே பல நாடுகளிற் பரந்துள்ளனர். விழா மலரோடு இவ்விழாவின் பயன் முடிந்துவிடாதிருக்க மூன்று செயல்கள் போதும். தம் அயலில் நன்கு கற்பிக்கும் கருவியிசை ஆசிரியரை அறிந்தோர் அவர் இசைவு பெற்றுக் கல்லூரிக்கு அறிவித்து, அங்கு ஒரு பட்டியல் பேணப்பட உதவலாம். அலுமாரியின் மேல் உறங்கும் கருவிகளைப் பழுது பார்த்து, வசதி குறைந்த மாணவர்க்கு இரவலாகக் கொடுக்கக் கல்லூரிக்கு அளிக்கலாம். கருவி கற்றவர் விடுமுறையில் வருங்கால் ஓரிரு வாரம் மாணவரோடு அமரலாம்.

மாணவர்காள், நல்லாசான் கிடைத்தபின் உங்கள் கடமை ஒன்றுண்டு. வாரத்தில் ஒரு மணி நேரமே அவர் உங்களோடு இருப்பார். எஞ்சிய நாட்களில் அவர் சொல்லை நினைந்து நாள்தோறும் அரைமணி நேரமாயினும் நீங்களே உங்களுக்கு ஆசானாக இருத்தல் வேண்டும். அப்பழக்கத்தை உங்களிடத்து உண்டாக்குகின்றவரே நீங்கள் தேடிய ஆசான்.